ஹீற்றர் பிளக் அடிக்கடி எரிகிறதா? புதுசு வாங்க முதல் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் வாகனத்தில், குளிர்ந்த என்ஜினைச் சூடாக்கி ஸ்டார்ட் எடுக்க வைக்கும் ஹீற்றர் பிளக் (சிலிண்டருக்கு ஒன்று) போனால் நாலும் வாங்கி மாட்டிவிட்டு ஓடுவதுதான் வழமை. கொஞ்ச நாளில் காலையில் மறுபடி ஸ்டார்ட் எடுக்காது, பழி பிளக் விற்ற கடைக்காரர் மேல் விழும். மலிவுப் பிளக் கெதியில் போவது உண்மைதான். ஆனால் ஒழுங்கான பிளக் வருடக்கணக்கில் உழைக்கிற சாமான். ஒரே வாகனத்தில் அது தொடர்ந்து எரிகிறதென்றால், அதை எரிக்கிற ஏதோவொன்று அந்த வாகனத்திலேயே இருக்கிறது. எந்தச் சிலிண்டரின் பிளக் போனது, அதன் நுனி எப்படி எரிந்திருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் எரிந்த பிளக்கைக் குப்பையில் போடாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் டொல்பின் வேன், பழைய ஹைலக்ஸ், டவுன்ஏஸ், டெலிக்கா, கரவன் போன்றவற்றில் வரும் 2எல், 3எல், 5எல், 2சி, 4டி56, ரிடி27 வகை என்ஜின்களுக்குப் பொருந்தும். இவற்றில் டீசல் நேரே பிஸ்டன் மேல் அடிபடாமல், ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன முன் எரியறைக்குள் பீச்சப்படுகிறது. பிளக்கின் நுனி அந்த அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். டீசல் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயால் டீசல் போகும் கொமன் ரெயில் என்ஜின்களின் கதை வேறு. அவற்றில் பலவற்றின் பிளக் குறைந்த வோல்ற்றில் வேலை செய்வது, பற்றரியை நேரே கொடுத்துப் பார்த்தாலே போய்விடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வெக்கையில் இந்தப் பழுதுக்கு ஒரு மறைவிடம் உண்டு. ஒரு பிளக் எரிந்தாலும் மற்ற மூன்றும் என்ஜினைத் தூக்கிவிடும். இரண்டு போனாலும் கொஞ்சம் கூட நேரம் சுற்றி, வெள்ளைப் புகை தள்ளி ஓடத் தொடங்கிவிடும். சாரதிக்கு விஷயம் தெரிவது மாரி தொடங்கி வாடைக்காற்று அடிக்கிற ஒரு விடியற்காலையில்தான். அப்போது நாலும் ஒரேயடியாக எரிந்த மாதிரித் தோன்றும். உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் போயிருக்கக்கூடும். நாலும் ஒரே நேரத்தில் போவது பெரும்பாலும் மின்பக்கக் கோளாறு, தனித்தனியாகப் போவது பெரும்பாலும் எரிபொருள் பக்கம். ஆகவே இந்த வேறுபாட்டை ஊகித்து முடிவெடுக்காமல் அளந்து பார்க்க வேண்டும்.

தேவையான ஆயுதங்கள் அதிகமில்லை. ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர், 21 வோட் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் ஒட்டிச் செய்த சோதனை விளக்கு, 12 மில்லி நீளச் சொக்கெட், சின்ன முறுக்கு ஸ்பனர். கிளாம்ப் மீற்றர் வாங்கும்போது கவனம், வீட்டு வயரிங்குக்கு விற்கும் மலிவு மீற்றர்கள் மாறுமின்னோட்டம் மட்டுமே காட்டும். பற்றரிக் கரண்டுக்கு அவை பூச்சியத்தில் நிற்கும்.

கழற்ற முதல் அளவு எடுங்கள்

நாலு பிளக்கையும் தொடுக்கும் பித்தளைப் பட்டையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். அதைக் கழற்றாமல் அளந்தால் நாலும் சேர்ந்த அளவுதான் வரும். சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸில் வைத்து, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். எரியாத விளக்கு, உள்ளே சுருள் அறுந்த பிளக்கைக் காட்டுகிறது. எரிந்தால் பிளக் நல்லது என்று அர்த்தமில்லை, கரண்ட் போக வழி இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். உள்ளே சோட்டான பிளக்குக்கும் விளக்கு அழகாக எரியும்.

அதனால் அடுத்து அம்பியரைப் பாருங்கள். 12 வோல்ற் வகைப் பிளக்குக்குப் பற்றரியிலிருந்து தடித்த வயரால் கரண்ட் கொடுத்துக் கிளாம்ப் மீற்றரைப் போட்டால், முதலில் 20 அம்பியர் அளவில் ஏறி, நுனி சூடேறச் சூடேற 8க்கும் 12க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். வகைக்கு வகை இந்த எண் மாறும். முக்கியம் நாலும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது. இறங்காமல் மேலேயே நிற்பது சுருள் சோட்டானதைக் காட்டும். 4, 5 என்று நொண்டினால் பிளக்கின் தலையிலோ உங்கள் வயரின் பிடியிலோ தொடுகை சரியில்லை. 10 விநாடிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

ஓம் அளவை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது. நல்ல பிளக்கே ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோதான் காட்டும், மீற்றர் வயரின் தடையே 0.2, 0.3 வரும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்தால்தான் அதில் ஏதும் பொருள் உண்டு.

கழற்றுவதும் நுனியை வாசிப்பதும்

பழைய ஹெட்டில் இறுகிய பிளக்கைக் குளிர்ந்த என்ஜினில் முறித்தெடுக்க நினைப்பது பெரிய செலவில் கொண்டுபோய் விடும். முதல் நாள் இரவே இழையடியில் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். அடுத்த நாள் என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துக் கழற்றுங்கள். 10 மில்லி இழையுள்ள பிளக் 35 நியூட்டன் மீற்றரைத் தாண்டினால் முறியக்கூடும். அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். இழை விட்டுவிட்டது, ஆனால் பிளக் வெளியே வரமாட்டேன் என்கிறது என்றால் நுனி வீங்கியிருக்கிறது அல்லது கரி பிடித்திருக்கிறது. குறட்டால் பிடித்து இழுத்தால் நுனி கழன்று எரியறைக்குள் விழும். அப்படி விழுந்தாலோ, வெளியே வந்த பிளக்கில் நுனி இல்லாவிட்டாலோ, ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. அந்த உலோகத்தைக் காந்தம் நம்பத்தகுந்த முறையில் பிடிக்காது. இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துவாரத்தால் உறிஞ்சி எடுக்கப் பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஹெட் கழற்றத்தான் வேண்டும். துண்டு எரியறையின் வாயால் இறங்கினால் பிஸ்டனின் தலையைக் கொத்திவிடும்.

கழற்றிய பிளக்குகளை ஒரு மட்டையில் துளை குத்தி, பெல்ட் பக்கத்தை 1 என்று வைத்து வரிசைக்குக் குத்தி வையுங்கள். பிறகு பாருங்கள்.

நுனி மினுக்கமாக வீங்கி, தோல் சுருங்கியது போலவோ வெடித்தோ இருந்தால், ஆனால் வெளியிலிருந்து அரிக்கப்படவில்லை என்றால், பிளக் உள்ளிருந்து வெந்திருக்கிறது. வோல்ற் கூட, அல்லது நேரம் கூட. இது நாலிலும் ஒரே மாதிரி இருந்தால் இன்ஜெக்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

நுனி உருகி, ஒரு பக்கம் அரித்து, ஊசி போல ஒடுங்கியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த சூடு. டீசல் பூப்போலச் சிதறாமல் கயிறாகப் பாய்ந்து நுனியில் படுகிறது, அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது, அல்லது பம்பின் டைமிங், அதாவது டீசல் பீச்சும் நேரம், முந்தியிருக்கிறது. இது ஒரே சிலிண்டரில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இன்ஜெக்டர்தான் முதல் சந்தேகம். நாலிலும் வந்தால் டைமிங்.

நுனி நல்லாயிருந்தும் சுருள் அறுந்திருந்தால், மாட்டும்போது அளவுக்கு மீறி முறுக்கியதா என்று பாருங்கள். உடலுக்கும் சூடாகும் குழாய்க்கும் நடுவே மெல்லிய வளைய இடைவெளி ஒன்று உண்டு. உடல் நெரிந்து அது அடைபட்டால் சூடு தவறான இடத்தில் தேங்கிச் சுருள் அறும். எண்ணெய்க் கரி அந்த இடைவெளியில் நிரம்பினாலும் இதே கதி. தலைப்பக்க நட்டை இறுக்கி முறுக்கிப் போல்ற்றோடு சுற்றவிட்டவையும் இந்தக் கூட்டம்தான்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே அந்தத் துவாரத்தால் சிலிண்டர் அமுக்கத்தையும் அளந்துவிடுங்கள், மறுபடி கழற்றும் வேலை மிச்சம். பம்பின் டீசல் நிறுத்தும் வயரைக் கழற்றிவிட்டுச் சுற்ற வேண்டும். 2எல், 3எல் குடும்பத்தில் ஒழுங்கான அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ சுற்றுவட்டாரம். 20க்குக் கீழே இறங்கினாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ என்ஜினே தளர்ந்திருக்கிறது. தளர்ந்த அமுக்கம் நேரே பிளக்கை எரிக்காது. ஆனால் ஸ்டார்ட் எடுக்காத கோபத்தில் சாரதி ஹீற்றரை நீட்டி நீட்டிக் கொடுப்பார், அதில் எரியும்.

மின்பக்கம்: வோல்ற்றும் நேரமும்

முதலில் பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ற் எண்ணைப் படியுங்கள். ஒரே என்ஜின் பெயரில் 12, 11, 6 வோல்ற் வகைகளெல்லாம் வந்திருக்கின்றன. 24 வோல்ற் வாகனங்களுக்கு வேறு. ரீகண்டிஷன் என்ஜின் இறக்கிய வாகனத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூட, என்ஜின் ஒரு மொடலிலிருந்தும் ஹீற்றர் வயரிங் இன்னொரு மொடலிலிருந்தும் வந்திருக்கும். 6 வோல்ற் பிளக்குக்கு 12 வோல்ற் நிலையாகப் போனால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். சில விநாடியில் வேலை முடிந்துவிடும்.

பட்டையை மறுபடி மாட்டி, மீற்றரின் சிவப்பைப் பட்டையிலும் கறுப்பை ஹெட்டிலும் வைத்துச் சாவியைப் போடுங்கள். எத்தனை வோல்ற் வருகிறது, எத்தனை விநாடியில் வெட்டுகிறது என்று எழுதுங்கள். சில வாகனங்களில் ஸ்டார்ட்டான பிறகும் கொஞ்ச நேரம் குறைந்த வோல்ற் வந்துகொண்டிருக்கும், அது கோளாறல்ல. ஆனால் என்ஜின் சூடான பிறகும் பட்டையில் 13, 14 வோல்ற் நின்றால் றிலேயின் உள்தொடுகை ஒட்டிப்போயிருக்கிறது. டாஷ்போர்டில் ஹீற்றர் விளக்கு அணைந்திருப்பதைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். அந்த விளக்கை அணைப்பது டைமர், பிளக்குக்குக் கரண்டை வெட்டுவது றிலே.

அடுத்து பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ற்றனேற்றர். என்ஜினை 2,000 சுற்றில் வைத்துப் பற்றரியில் அளந்தால் 13.8க்கும் 14.6க்கும் இடையில் இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது. பற்றரித் தண்ணீர் அடிக்கடி குறைவது, பல்ப் எரிவது எல்லாம் இதோடு சேர்ந்து வரும்.

டைமர் எவ்வளவு நேரம் சூடு கொடுக்க வேண்டும் என்பதைப் பல மொடல்களில் தண்ணீர்ச் சூட்டுச் சென்சர்தான் சொல்கிறது. அதன் வயர் அறுந்தால் டைமர் என்ஜினைக் குளிர்ந்ததாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் முழு நேரச் சூடு கொடுக்கும். தூரப் பயணம் ஓடும் வேனில் இது பெரிதாகத் தெரியாது. வாழைச்சேனையிலோ கல்முனையிலோ மீன் ஏற்றி, சந்திக்குச் சந்தி நிறுத்தி எடுக்கும் வாகனத்தில், சூடான என்ஜினுக்குள் இருக்கும் சூடான பிளக்குக்கு நாள் முழுக்க அந்த அடி விழும். அப்படி ஓடும் வாகனத்தில் பிளக் மட்டும் அடிக்கடி போனால் சென்சர் வயரை முதலில் பாருங்கள்.

6 வோல்ற் பிளக்கும் இடையில் ஒரு தடையும் உள்ள அமைப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைக் கவனிக்காததால்தான் பலர் செட் செட்டாக வாங்குகிறார்கள். கணக்குக்காக, சூடான ஒவ்வொரு பிளக்கும் 0.6 ஓம் என்று வையுங்கள். நாலும் பக்கம் பக்கமாக இருப்பதால் மொத்தம் 0.15. தொடரில் இருக்கும் தடையும் 0.15 என்றால், 12 வோல்ற் சரிபாதியாகப் பிரிந்து பிளக்குக்கு 6 கிடைக்கும். ஒரு பிளக் அறுந்தால் மிச்சம் மூன்றுக்கும் 6.9 வோல்ற் போகும். இரண்டு அறுந்தால் மற்ற இரண்டுக்கும் 8 வோல்ற். மூன்று போனால் கடைசிப் பிளக் 9.6 வோல்ற்றில் வேகும். ஒன்று எரிந்ததும் மற்றவை வேகவேகமாகப் பின்னால் போவது இதனால்தான். இந்த வகையில் ஒரு பிளக் எரிந்திருந்தால் அதை மாற்றாமல் ஓடக்கூடாது, ஒரு பழையதையும் மூன்று புதியதையும் கலக்கவும் கூடாது. ஒரே தயாரிப்பு, ஒரே எண், நாலும் ஒன்றாக.

சுவிச் போட்டு ஓடும் வாகனங்கள்

டைமர் போனதும் டாஷ்போர்டில் ஒரு அழைப்புமணிச் சுவிச்சைப் பூட்டி ஹீற்றர் கொடுப்பது நம்ம பக்கத்தில் சாதாரணம். 12 வோல்ற் பிளக் உள்ள என்ஜினில் இதை ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே ஓடும். ஒழுங்காகச் செய்வதில்லை என்பதுதான் சிக்கல். நாலு பிளக்கும் சேர்ந்து முதல் நொடியில் 80 அம்பியர் வரை இழுக்கும். அதற்கு ஹெட்லைற்றுக்குப் போடும் 30 அம்பியர் றிலேயைப் பூட்டினால் தொடுகை ஒருநாள் உருகி ஒட்டும், பிளக்குகள் ஓடும் வழியெல்லாம் எரிந்துகொண்டே போகும்.

80 முதல் 100 அம்பியர் தாங்கும் றிலே, 10 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், பற்றரிப் பக்கத்தில் தகுந்த பியூஸ் என்று போடுங்கள். எச்சரிக்கை விளக்கைச் சுவிச்சிலிருந்து எடுக்காமல் பிளக்குப் பட்டையிலிருந்து எடுங்கள். அப்போது றிலே ஒட்டினால் கையை எடுத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், சாரதிக்கு அந்த இடத்திலேயே தெரியும். காலையில் 8 முதல் 10 விநாடி, சூடான என்ஜினுக்கு ஒன்றுமே வேண்டாம். தடையில்லாத 6 வோல்ற் பிளக்குக்குச் சுவிச் போடவே கூடாது.

பிளக் நல்லாயிருந்தும் போனதாகத் தீர்ப்புச் சொல்லப்படும் வாகனங்களும் உண்டு. கல்லடி, ஒலுவில் போன்ற கடலோரங்களில் நிற்கும் வாகனங்களில் பட்டையின் அடியிலும் ஏர்த் வயரிலும் களிம்பு பிடிக்கும். ஹீற்றர் ஓடும்போது பற்றரி மைனஸ் கம்பத்துக்கும் ஹெட்டுக்கும் இடையில் அளந்தால் 0.3 வோல்ற்றைத் தாண்டக்கூடாது. பற்றரி பிளஸ்ஸுக்கும் பட்டைக்கும் இடையில் 12 வோல்ற் அமைப்பில் ஒரு வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். கூடினால் உப்புத்தாளால் தேய்த்து, நட்டுகளைப் புதிதாக்கி, ஏர்த் பட்டையை மாற்றுங்கள்.

இன்ஜெக்டரும் டைமிங்கும்

நுனி உருகிய பிளக் வந்த சிலிண்டரைக் கண்டுபிடித்த பிறகு, ஐடிலில் ஓடவிட்டு அந்த இன்ஜெக்டரின் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டக்கு டக்கென்ற அடியும் புகையும் அந்தச் சிலிண்டரில் மட்டும் நின்றால் சந்தேகம் உறுதி. கண்ணாடி அணிந்து, துணி சுற்றிச் செய்யுங்கள், பீச்சும் டீசல் தோலுக்குள் இறங்கும். கொமன் ரெயில் என்ஜினில் இதை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

பிறகு நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதனை மேசைக்குக் கொடுங்கள். திறக்கும் அழுத்தம் அந்த என்ஜினுக்குரிய அளவில் இருக்க வேண்டும், நாலும் நெருக்கமாக. அதைவிட முக்கியமான சோதனை, திறக்கும் அளவுக்கு 10, 20 கிலோ குறைவாக அழுத்தத்தைப் பிடித்து 10 விநாடி பார்ப்பது. அந்த நேரத்தில் முனையில் ஒரு சொட்டும் தொங்கக்கூடாது. செய்பவரிடம் இதைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பலர் அழுத்தத்தை மட்டும் சரிசெய்து தருவார்கள், பிளக்கை எரிப்பது சொட்டுத்தான். வெள்ளக்காலத்தில் தாங்கிக்குள் இறங்கிய தண்ணீரும், மண்ணெண்ணெய் கலந்த டீசலும் நோசிலின் ஊசியைக் கெடுக்கும். பில்டரின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீர் வடித்துப் பாருங்கள். திருப்பி மாட்டும்போது பழைய வாசரை உள்ளே விட்டு அதன்மேல் புதியது போட்டால் இன்ஜெக்டரின் நிலை மாறிவிடும், துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பாருங்கள்.

டைமிங் முந்துவதற்குப் பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம். இழுவை வேண்டும் என்று பம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்திருப்பார்கள். பம்பின் விளிம்பில் உள்ள கோடும் அதன் எதிர்க்கோடும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள், நேரில்லை என்றால் டயல் கேஜ் வைத்து அந்த என்ஜினுக்குரிய அளவில் நிறுத்துங்கள். குளிர் ஸ்டார்ட் மெழுகு (சூட்டில் விரிந்து பம்பின் லிவரைத் தள்ளும் மெழுகுக் குப்பி) உள்ள பம்பில் ஒரு பொறி இருக்கிறது. மெழுகு உள்ளிழுத்த நிலையில் டைமிங் தானாகவே முந்தியிருக்கும். டொயோட்டா பம்பில் அந்த லிவரை 20 பாகையளவு திருப்பி, 8.5 முதல் 10 மில்லித் தடிப்புள்ள தகடொன்றை மெழுகுத் தண்டுக்கும் லிவருக்கும் நடுவே வைத்த பிறகே அளக்க வேண்டும். அந்த மெழுகே செத்து, சூடான பிறகும் ஐடில் உயர்ந்தே நின்றால், என்ஜின் நாள் முழுக்க முந்திய டைமிங்கில் ஓடுகிறது. அதை மாற்றாமல் பிளக் மாற்றிப் பயனில்லை.

புதியதை மாட்டுவது

துவாரத்தின் கரியை அதற்குரிய ரீமரில் கிறீஸ் தடவிக் கையால் சுற்றி எடுங்கள், கரி கிறீஸில் ஒட்டி வரும். புதிய பிளக்கைப் பழைய ஒறிஜினலோடு பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நுனி இரண்டு மில்லி கூடினாலும் அது டீசல் பாயும் வழியில் போய் நிற்கும். முதலில் விரலால் முழுதாகச் சுற்றுங்கள், பிறகு 10 மில்லி இழைக்கு 12 முதல் 18, 12 மில்லி இழைக்கு 22 முதல் 25 நியூட்டன் மீற்றர். தலை நட்டுக்கு 2, 3 போதும், அதாவது சின்ன ஸ்பனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குமளவு. பட்டை ஹெட்டிலோ பைப்பிலோ முட்டவில்லை என்று உறுதிப்படுத்துங்கள்.

மாட்டிய அன்றே நாலின் அம்பியரையும் அளந்து ஒயில் மாற்றும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு, பழைய நுனி உருகியிருந்த சிலிண்டரின் பிளக்கை மட்டும் கழற்றிப் பாருங்கள். நுனி மங்கிய சாம்பல் நிறத்தில், முனை உருண்டு ஒழுங்காக இருந்தால் சரி. ஒரு பக்கம் வெளிறி அரிக்கத் தொடங்கியிருந்தால், பிளக் அறும்வரை காத்திராமல் அந்த இன்ஜெக்டரை மறுபடி மேசைக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் பட்டையைக் கழற்றிச் சோதனை விளக்கால் நாலையும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை.